மோட்டார் மகாராணி

சொந்தமாகப் பாட்டு எழுதிப் பாடுகிறவர்களிடம் எங்கள் பக்கத்தில் முதலில் கேட்கப்படும் கேள்வி, "இது எந்தப் படத்துல வருது?" என்பதுதான். எந்தப் படத்திலும் வரவில்லை, நாங்களே எழுதியது என்று சொன்னால், "அப்ப எப்ப படத்துல வரும்?" என்பார்கள். பஸ்ஸில் கேட்டிருக்கிறார்கள். கல்யாணப் பந்தியில் கேட்டிருக்கிறார்கள். ஒரு தடவை, ரத்தம் எடுப்பதற்காக ஒருவர் கையில் ரப்பர் பட்டியைக் கட்டிக்கொண்டிருந்தேன், அந்த நேரம் பார்த்து அவர் கேட்டார். அன்றைக்கு ஊசி அவருக்குக் கொஞ்சம் ஜாஸ்தியாகவே வலித்திருக்கும். எனக்குக் கோபம் சட்டென்று வரும், அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

நான் சிதம்பரத்தில் ஒரு தனியார் பரிசோதனை நிலையத்தில் லேப் டெக்னீஷியன். வீடு கடலூரில். வெறும் வயிற்றோடு வருகிறவர்களுக்காகக் காலை ஆறரைக்கே நான் நாற்காலியில் உட்கார்ந்திருக்க வேண்டும். மதியம் இரண்டு மணிக்கு வேலை முடியும். அதற்குப் பிறகு கடலூர் பஸ்ஸுக்காக நிற்கிற நேரத்தில்தான் பாட்டு எழுதப் பழகினேன். பாடப் பழகியது சர்ச்சில்.

நாங்கள் மூன்று பேர். கிதார் வாசிப்பவர் சிதம்பரத்தில் செல்ஃபோன் சர்வீஸ் கடை வைத்திருக்கிறார். என்னைவிட எட்டு வயது சின்னவர், அக்கா என்று கூப்பிடுவார். தாளம் போடுபவர் தேவனாம்பட்டினத்துக்காரர், போட் இன்ஜின் மெக்கானிக். மீன் போடுகிற பிளாஸ்டிக் பெட்டியைக் கவிழ்த்துப்போட்டு அதன்மேல் அவர் வாசிப்பதைக் கேட்டால், எங்களிடம் டிரம்ஸ் இல்லை என்பதே மறந்துபோகும். லேபில் வேலை செய்கிற பெண்களை ஊரே கூப்பிடுவதுபோல அவரும் என்னை சிஸ்டர் என்பார். கிதார்க்காரரை மச்சான் என்பார். இரண்டு பேருக்கும் ஒரு உறவும் கிடையாது.

மாதத்தில் ஒரு ஞாயிறு மதியம், சிதம்பரத்தில் ஒரு டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டின் மாடியில் கூடுவோம். அங்கே வகுப்பு இல்லாத நாள் அது ஒன்றுதான். கடலூர் ஓல்டு டவுனிலிருந்து ராப் பாடுகிற இரண்டு பேர் வருவார்கள். துறைமுகத்தைப் பற்றி மட்டும் அவர்களிடம் ஏழு பாட்டு இருக்கிறது. லால்பேட்டையிலிருந்து ஒரு மளிகைக் கடைக்காரர் வந்து, வளைகுடாவில் தான் இருந்த ஒன்பது வருஷத்தைப் பாட்டாகப் பாடுவார். நர்சிங் படிக்கிற பெண்கள் வருவார்கள். கேட்பதற்கென்று ஒரு முப்பது நாற்பது பேர் வருவார்கள். ஒரே ஒரு விதி: சினிமாப் பாட்டு பாடக்கூடாது.

சினிமாப் பாட்டின் மேல் எனக்கு வெறுப்பு ஒன்றும் இல்லை. பாத்திரம் துலக்கும்போது என் வாயிலும் அதுதான் வருகிறது. ஆனால் காதுகுத்து என்றாலும் அதுதான், கோயில் திருவிழா என்றாலும் அதுதான், எலெக்ஷன் ஆட்டோ என்றாலும் அதே மெட்டில்தான் ஓட்டு கேட்கிறது. எங்கள் ஊர்ப் பெயர் வருகிற பாட்டு ஒன்றுகூட எங்கள் ஊர் ஸ்பீக்கரில் ஓடுவதில்லை. சென்னையில் நாலு பேர் ஒரு அறையில் உட்கார்ந்து எங்களுக்கு எது பிடிக்கும் என்று முடிவு பண்ணுகிறார்கள், நாங்களும் அவர்கள் சொன்னதையே பிடித்துக்கொள்கிறோம். இது எனக்கு எரிச்சலாக இருந்தது. மாதத்தில் மூன்று மணி நேரமாவது எங்களுக்கு வேண்டும் என்று தோன்றியது, அவ்வளவுதான்.

எங்கள் பாட்டுகளில் எல்லோருக்கும் பிடித்தது பஸ் பாட்டு. சிதம்பரம் பஸ் ஸ்டாண்டில் பஸ்ஸுக்கு நிற்கிற ஒருத்தி, பக்கத்தில் நிற்கிறவரிடம் பேச்சுக் கொடுப்பதுபோல எழுதினேன்.

"பஸ்ஸு வந்தா போயிடுவேன்,
வர்ற வரைக்கும் சொல்லிடு,
பாதியில நின்னுபோனா
மீதிய நாளைக்குச் சொல்லிடு."

இதுதான் பல்லவி. சரணம் மூன்று எழுதியிருந்தேன். மாடியில் முதல் தடவை பாடியபோது மூன்றாவது சரணம் எனக்குச் சுத்தமாக மறந்துபோனது. கிதார் ஓடுகிறது, மீன்பெட்டி ஓடுகிறது, நான் வாயைத் திறந்துகொண்டு நிற்கிறேன். முன்வரிசையில் இருந்த ஒரு பூக்காரம்மா, "மறந்துட்டியா? நான் சொல்றேன், நீ பாடு" என்று, அன்று காலையில் கண்டக்டரோடு நடந்த சண்டையைச் சொல்ல ஆரம்பித்தார். அவர் சொல்லச் சொல்ல நான் அதை மெட்டில் உட்கார வைத்துப் பாடினேன். மாடியே அதிர்ந்தது. அன்றோடு நான் எழுதிய மூன்றாவது சரணத்தைக் கிழித்துப் போட்டேன். எங்கே பாடினாலும் அந்த இடம் காலி. அங்கே இருக்கிறவர்களில் ஒருவர் தன் கதையைச் சொல்ல வேண்டும், நான் அங்கேயே பாட்டாக்க வேண்டும்.

போகப் போக இன்னொரு வழக்கமும் சேர்ந்தது. மூன்றாவது சரணம் வரும்போது ஃபோனைக் கீழே வைத்துவிட வேண்டும். யாரும் சொல்லிக்கொடுத்து வந்ததில்லை. மாமியாரைத் திட்டுகிறவர், மேனேஜரைத் திட்டுகிறவர் எல்லாம் ஃபோன் நீட்டினால் வாயை மூடிக்கொண்டார்கள், அதனால் வந்தது. சொன்ன கதை அந்த மாடியோடு இருக்கும், அடுத்த மாதம் வேறு ஒருவருடைய கதை வரும். அந்த வழக்கத்தை உடைத்தது வேறு யாருமில்லை, நான்தான்.

குறிஞ்சிப்பாடியில் ஒரு தையல் பயிற்சி நிலையத்தின் ஆண்டுவிழாவுக்கு எங்களைப் பாடக் கூப்பிட்டிருந்தார்கள். தையல் மிஷின்களைச் சுவரோரம் தள்ளிவிட்டு இடம் பண்ணியிருந்தார்கள். மூன்றாவது சரணம் வந்ததும், அங்கே பிளவுஸ் தைக்கச் சொல்லிக்கொடுக்கிற அம்மா எழுந்தார். நாற்பத்தைந்து வயது இருக்கும், கழுத்தில் இஞ்ச் டேப் தொங்கியது. அவரும் அவருடைய ஓரகத்தியும் ஒரே மனையில் இரண்டு வீடு. இரண்டு வீட்டுக்கும் ஒரே போர்வெல், ஒரே மோட்டார். மூத்தவரான ஓரகத்தி விடியற்காலையில் மோட்டாரைப் போட்டுத் தன் தொட்டியை நிரப்பிக்கொண்டு நிறுத்திவிடுகிறாராம். கையை ஆட்டி ஆட்டிச் சொன்னார், நான் பாடினேன்.

"ஒரே மோட்டாரு, ரெண்டு வீடு,
ஒரு தொட்டியில மட்டும் வெள்ளக்காடு,
எங்கொடத்துல காத்து மட்டும்,
கேட்டாக்கா மொகத்துல பூட்டு.
மோட்டாரு மகாராணி,
முக்காப் பங்கு உன் தண்ணி!"

கடைசி இரண்டு அடி அவர் சொன்னதில்லை. மெட்டை முடிக்க ஏதாவது வேண்டுமே என்று நான் சேர்த்தது. பெண்கள் சிரித்த சிரிப்பில் ஒரு மிஷின் மேலிருந்த கத்தரிக்கோல் கீழே விழுந்தது. திரும்பத் திரும்ப ஐந்து தடவை பாடவைத்தார்கள்.

சத்தம் எப்படி வருகிறது என்று பார்க்க, கிதார்க்காரர் தன் ஃபோனை ஸ்பீக்கர் பக்கத்தில் ஓடவிட்டிருந்தார். நாங்கள் கேட்டுவிட்டு அழித்துவிடுவதற்காக எடுப்பது. அதை என் ஃபோனுக்கு வாங்கி, திரும்பி வருகிற பஸ்ஸில் கேட்டேன். நான் அவ்வளவு நன்றாக அதுவரை பாடியதே இல்லை. அந்தச் சிரிப்பு, அந்தப் பெண்களின் கைத்தட்டு, நடுவில் என் குரல். பஸ்ஸை விட்டு இறங்குவதற்குள் அதை இன்ஸ்டாகிராமில் எங்கள் பக்கத்தில் போட்டுவிட்டேன். கிதார்க்காரரைக்கூடக் கேட்கவில்லை. நாலு பேர் கேட்க வேண்டும் என்ற ஆசைதான். அதற்கு மேல் அழகான காரணம் ஒன்றும் என்னிடம் இல்லை.

நாலு பேர் கேட்கவில்லை, ஊரே கேட்டது. எங்கெங்கோ இருக்கிற பெண்கள் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு அந்த இரண்டு அடிக்கு வாயசைத்து ரீல்ஸ் போட்டார்கள். தலையில் தட்டைக் கவிழ்த்துக்கொண்டு மகாராணியாக நடித்தார்கள். லேபில் சர்க்கரை பார்க்க வந்த ஒருவர் ஃபோனில் அதே பாட்டு ஓடியது. "இது நான் பாடுனது சார்" என்றேன். நம்பவில்லை. எந்தப் படம் என்று கேட்டார்.

பிறகு சென்னையிலிருந்து ஃபோன் வந்தது. ஒரு பாட்டுக் கம்பெனி. பேசியவர் ரொம்ப மரியாதையாகப் பேசினார். பாட்டை வாங்கிக்கொள்கிறோம், ஒரு படத்தில் வைக்கிறோம், பெயர் தெரிந்த பாடகி ஒருவர் பாடுவார், உங்கள் பெயர் திரையில் வரும் என்றார். 'மோட்டார் மகாராணி' என்பதுதான் பாட்டின் தலைப்பாக இருக்கும் என்றார். கிதார்க்காரர் கடையில் அந்தச் செய்தியைச் சொன்னபோது, அவர் கையில் இருந்த ஸ்க்ரூ டிரைவரை வைத்துவிட்டு என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். எனக்கும் சந்தோஷம்தான். இத்தனை நாள் கம்பெனிக்காரர்களைத் திட்டினவள், அன்று மாலை பஸ்ஸில் வரும்போது திரையில் என் பெயர் எந்த எழுத்தில் வரும் என்று யோசித்துக்கொண்டு வந்தேன்.

பத்திரம் வந்தது. பாட்டில் ஒரு வரி சொன்னவரும் கையெழுத்துப் போட வேண்டும் என்றிருந்தது. ஒரு ஞாயிறு காலை ஸ்வீட் டப்பாவோடு நானும் கிதார்க்காரரும் குறிஞ்சிப்பாடி போனோம். பாட்டு இவ்வளவு பேரிடம் போயிருக்கிறது, அந்தத் தையல்கார அம்மா துள்ளிக் குதிப்பார் என்று நினைத்தோம். கதவைத் திறந்தவர் முகத்தில் ஒரு சிரிப்பும் இல்லை. உட்காரச் சொன்னார், தண்ணீர் கொடுத்தார், ஸ்வீட் டப்பாவைப் பிரிக்காமலே டிவி மேல் வைத்தார்.

"எங்க அக்காவ இப்ப தெருவுல அப்படித்தான் சிஸ்டர் கூப்பிடறாங்க" என்றார். "ரேஷன் கடையில கியூல நிக்கறாங்க. பின்னாடி நிக்கறவன் ஃபோன்ல அதப் போடறான். எல்லாரும் சிரிக்கறாங்க. பாதி கியூலயே பையத் தூக்கிக்கினு வந்துட்டாங்க. அதுக்கப்புறம் வெளியிலயே வர்றதில்ல."

ஓரகத்தியைத்தான் அக்கா என்கிறார் என்று புரிய எனக்கு ஒரு நிமிஷம் ஆனது. "அவுங்களோட சண்டைன்னுதானே நீங்க அன்னிக்குச் சொன்னீங்க?" என்றேன். என் குரலில் கொஞ்சம் அதட்டல்கூட இருந்திருக்கும்.

"சண்டதான். காலையில சண்ட. மத்தியானம் நீங்க வந்து கேட்டீங்க, கோவத்துல இருந்தேன், சொல்லிட்டேன். சாயங்காலம் அவுங்க மீன் கொழம்பு குடுத்தனுப்பிச்சாங்க. அவ்ளோதான் எங்க சண்ட. இருவது வருஷமா அப்படித்தான். நீங்க அதப் புடிச்சு ஊரெல்லாம் உட்டுட்டீங்களே."

அடுத்த ஞாயிறு அவர் மகளுக்கு வளைகாப்பு. பெரியம்மாதான் முதல் வளையல் போட வேண்டும். அந்தப் பெண்ணைச் சின்னதில் பாதி நாள் தூக்கி வளர்த்ததே அவர்தானாம். கேட்கப் போனால், "மகாராணி எதுக்கு உங்க வூட்டுக்கு? போய் ரீல்ஸ் போடறவங்களக் கூப்பிட்டு வளையல் போடச் சொல்லு" என்று கதவைச் சாத்திக்கொண்டாராம். இதைச் சொல்லும்போது தையல்கார அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். பத்திரத்தை நான் பையிலிருந்து எடுக்கவே இல்லை.

வெளியே வந்து பக்கத்து வீட்டைப் பார்த்தேன். பின்பக்கம் கொடி நிறைய பெட்ஷீட்டும் பழைய புடவைத் துணியும் காய்ந்தன. படுக்கையில் விரிக்கிற ரப்பர் ஷீட் ஒன்று மதில் மேல் கிடந்தது. லேபில் வேலை பார்க்கிறவளுக்கு ரப்பர் ஷீட்டைப் பார்த்தால் தெரியாதா? "படுத்த படுக்கையா யாரு இருக்காங்க?" என்று கேட்டேன். "எங்க மாமியா. மூணு வருஷமா. அவுங்கதான் பாத்துக்கறாங்க" என்றார் தையல்கார அம்மா. தொட்டித் தண்ணீர் எங்கே போகிறது என்று சரணத்தில் ஒரு வரிகூட இல்லை. அவரும் கோபத்தில் சொல்லவில்லை, நானும் சிரிப்பு கிடைத்தால் போதும் என்று கேட்கவில்லை. எனக்கு அவமானமாக இருந்தது.

மறுநாள் கம்பெனிக்காரருக்கு ஃபோன் பண்ணினேன். பாட்டைக் கொடுக்கிறோம், ஆனால் மூன்றாவது சரணத்தை மட்டும் எடுத்துவிட்டு வேறு எழுதித் தருகிறேன் என்றேன்.

"அந்த ரெண்டு லைன்தான் மேடம் பாட்டு. மத்ததெல்லாம் சும்மா ஃபில்லிங்" என்றார்.

"அந்த இடம் ஊருக்கு ஊர் மாறும் சார். அதான் எங்க பாட்டு."

"இனிமே மாறாது மேடம். கையெழுத்து போட்டுட்டா ஒரு வார்த்தை மாத்தக் கூடாது. மேடையில நீங்க பாடறதா இருந்தாலும் எங்ககிட்ட எழுதிக் கேட்டுட்டுத்தான் பாடணும்."

எங்கள் பூக்காரம்மா கண்டக்டரைத் திட்டுவதற்கு முன்னால் சென்னைக்கு ஒரு லெட்டர் போட வேண்டும். நினைத்துப் பார்த்தேன், சிரிப்பு வந்தது, கூடவே கோபமும் வந்தது. "அப்ப உங்களுக்கு நாங்க ஃபில்லிங்கா?" என்று ஆரம்பித்து இன்னும் சில வார்த்தை சொன்னேன். எழுதுகிற மாதிரி இல்லை. கொடுக்க முடியாது என்று சொல்லி வைத்துவிட்டேன்.

விஷயத்தைச் சொன்னதும் கிதார்க்காரர் ஃபோனை வைத்துவிட்டார். இரண்டு நாள் கழித்து மூன்று பேரும் அவர் கடையில் உட்கார்ந்தோம். "ஒரு வாட்டி அக்கா, ஒரே ஒரு வாட்டி நமக்குன்னு ஒரு கதவு தொறந்துச்சு. என்னைய ஒரு வார்த்த கேட்டீங்களா? போடும்போதும் கேக்கல, வேணான்னு சொல்லும்போதும் கேக்கல" என்றார். அவர் சொன்னதில் தப்பே இல்லை. மன்னிப்புக் கேட்டேன். எனக்கு அது சுலபமாக வருகிற காரியம் இல்லை.

"நாம உட்டா வேற எவனாவது இதே மாதிரி ஒண்ணு பண்ணிடுவான்" என்றார் தலையைக் குனிந்துகொண்டு.

தேவனாம்பட்டினத்துக்காரர், "பண்ணட்டும் மச்சான். அவன் பண்றது அவனோடது. இது அந்த ரெண்டு பொம்பளைங்களோட சண்ட. நாம எப்படி விக்கறது?" என்றார். கிதார்க்காரர் கையிலிருந்த உடைந்த டிஸ்ப்ளேயை ஓரமாக வைத்தார். பிறகு ஃபோனை எடுத்து எங்கள் பக்கத்தில் இருந்த அந்தப் பாட்டை அழித்தார். அழித்து என்ன? எங்கள் பக்கத்தில்தான் அது இல்லை, மற்ற எல்லா இடத்திலும் குடத்தோடு ஆடிக்கொண்டுதான் இருந்தது.

மறுநாள் வேலை முடிந்து நேராகக் குறிஞ்சிப்பாடிக்குப் பஸ் ஏறினேன். இந்தத் தடவை மூத்தவர் வீட்டுக் கதவைத் தட்டினேன். முழங்கை வரை சோப்பு நுரையோடு வந்து திறந்தார். உயரமான, எலும்பான உடம்பு. நான் யார் என்று சொன்னதும் ஆரம்பித்தார். என் படிப்பைத் திட்டினார், என் குரலைத் திட்டினார், வேலை வெட்டி இல்லாமல் ஊர் ஊராகப் போய்ப் பாடுகிறாயே, உன்னைக் கேட்க ஆளில்லையா என்றார். பதில் சொல்லாமல் திட்டு வாங்குவது என் வாழ்க்கையில் அது முதல் தடவையாக இருக்கும். உள்ளேயிருந்து அவர் மாமியார் தண்ணீர் கேட்டார். போய்க் கொடுத்துவிட்டு வந்து, விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார்.

"பாட்டை அழிச்சிட்டோம்மா. படத்துக்குக் கேட்டாங்க, குடுக்கலன்னு சொல்லிட்டோம்" என்றேன்.

"அழிச்சா? ரேஷன் கடையில சிரிச்சவன் வாயிலேர்ந்தும் அழிச்சிட்டியா?" என்றார். அப்புறம் நுரை காய்ந்துபோன கையைப் புடவையில் துடைத்துக்கொண்டார். குரல் இறங்கியிருந்தது. "அவ சொன்னா, நீ பாடுன. ஊரு கேட்டுச்சு. நான் எங்க போய்ப் பாடறது?"

இவ்வளவு நேரம் திட்டியது வலிக்கவில்லை, இது வலித்தது. "வளைகாப்புக்கு வாங்கம்மா. நாங்க வந்து பாடறோம். மூணாவது சரணம் உங்களோடது. என்ன சொல்றீங்களோ அத அப்படியே பாடறேன், என்னையத் திட்டுனாலும் சரி" என்றேன். வருகிறேன் என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. கதவைச் சாத்திவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை தெருவை அடைத்து ஷாமியானா போட்டிருந்தார்கள். தட்டு தட்டாக வளையல், பலவகைச் சாதம், சந்தனம். ஏழாம் மாதப் பெண் மாலையோடு நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். நாங்கள் ஓரமாக மீன்பெட்டியையும் கிதாரையும் வைத்துக்கொண்டு நின்றோம். நல்ல நேரம் முடியப்போகிறது, வேறு யாராவது முதல் வளையலைப் போடுங்கள் என்று ஆண்கள் அவசரப்படுத்தினார்கள். "பெரியம்மா வரட்டும்" என்றாள் அந்தப் பெண். கையை மடிக்குள் வைத்துக்கொண்டாள். தையல்கார அம்மா பக்கத்து வீட்டு வாசலையே பார்த்துக்கொண்டு வளையல் தட்டோடு நின்றார்.

நான் பாட ஆரம்பித்தேன். அந்த வாசலுக்குக் கேட்கட்டும் என்று கொஞ்சம் சத்தமாகவே பாடினேன். முதல் சரணம் போனது, இரண்டாவது போனது. மூன்றாவதற்கு முன்னால் வழக்கம்போல, "எல்லாரும் ஃபோன உள்ள வைங்க" என்றேன். பாடாமல் நின்றேன். மீன்பெட்டியில் தாளம் மட்டும் ஓடியது. எவ்வளவு நேரம் என்று தெரியாது.

பக்கத்து வீட்டுக் கதவு திறந்தது. பட்டுப்புடவை கட்டியிருந்தார். தலையில் பூ இருந்தது. நேராக நடந்து வந்து என் முன்னால் நின்றார்.

"என்னாத்துக்கு ஃபோன உள்ள வெக்கச் சொல்ற?" என்றார். "அவ பாட்டு மட்டும் ஊரெல்லாம் போவும், எம்பாட்டு இந்தப் பந்தலோட நின்னுடணுமா? எடுங்கய்யா எல்லாரும். நல்லா எடுங்க."

நான் வரிகளைக் கேட்கக் காதைக் கொண்டுபோனேன். "நீ நவுரு. நானே பாடறேன்" என்றார். மெட்டு கொஞ்சம் விலகித்தான் வந்தது. சத்தம் விலகவே இல்லை.

"மகாராணின்னு பேரு வச்சீங்க,
மகாராணி வேலையப் பாத்தீங்களா?
விடியக்காலம் பாய் அலசுறா,
வெளிச்சம் வந்தப்புறம் பாத்தீங்களா?"

தெரு முழுக்க "ஓ" என்றது. அவர் நிறுத்தவில்லை. அந்தப் பெண் முன்னால் போய் உட்கார்ந்தார். எங்கள் ஊர்ப்பக்கம் வளையல் போடும்போது பாடுவது வழக்கம்தான். ஆனால் யாரும் இப்படிப் பாடிக் கேட்டதில்லை. திரும்பிப் பார்க்காமலே கையைப் பின்னால் நீட்டி, "பச்சை வளையல எடுத்துக் குடுடி" என்றார். தையல்கார அம்மா எடுத்துக் கொடுத்தார். அவருக்குக் கண்ணீரும் சிரிப்பும் ஒன்றாக வந்தது.

"மொதக் கொடம் கேட்டிருந்தா குடுத்திருப்பேன்,
மொகத்தப் பாத்துச் சொல்லியிருந்தா சிரிச்சிருப்பேன்,
பாட்டுல போட்டுக் கேட்டாளே,
பாவி மக எங்கூடப் பொறந்தாளே!"

ஒரு வளையலுக்கு ஓர் அடி. எனக்கு எண்ணத் தோன்றவில்லை. இரண்டு கையும் நிறைந்தது. பல்லவி வரும்போது பெண்கள் எல்லோரும் சேர்ந்து பாடினார்கள், ஆண்களும் பாடினார்கள். நான் அழுதுகொண்டிருந்தேன், அதனால் பாடவில்லை.

முடிந்ததும் கிதார்க்காரர் ஃபோனோடு மூத்தவரிடம் போனார். "உங்களுக்குச் சம்மதம்னா இத எங்க பக்கத்துல போடறோம்மா. படத்துக்கெல்லாம் இல்ல, சும்மா நம்ம ஜனங்க கேக்கறதுக்கு."

"போடு. இன்னிக்கே போடு."

"பாடினவங்க பேருன்னு என்னா போடறது?"

பந்தலுக்குள்ளிருந்து எவனோ ஒருவன், "மோட்டார் மகாராணி!" என்று கத்தினான். சிரிப்பு வந்தவர்கள்கூடச் சிரிக்கவில்லை. எல்லோரும் அவர் முகத்தைப் பார்த்தார்கள்.

அவர் கத்தினவன் பக்கம் திரும்பவே இல்லை. கையில் ஒட்டியிருந்த சந்தனத்தைப் புடவையில் துடைத்துக்கொண்டு, கிதார்க்காரர் பக்கத்தில் உட்கார்ந்தார். "எம்பேரப் போடு" என்றார். ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னார். கிதார்க்காரர் தட்டெழுதியதை வாங்கி, கண்ணுக்குக் கிட்டே வைத்துப் படித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

"இனிஷியல் உட்டுட்ட பாரு. அதையும் போடு."